பதினேழாவது புரதம்

ஜூன் 2, திங்கள்

லேபில் கேக் வெட்டினார்கள். ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் இருக்கும் அதே மேசையில். கேக்கின் மேல் நீல க்ரீமில் ‘17’ என்று எழுதியிருந்தது. டாக்டர் கோகுலகிருஷ்ணன் ரத்தம் இருந்த ஒரு குழாயை வெறும் கையால் எடுத்து நிருபர்களுக்கு ஆட்டிக் காட்டினார். அப்புறம் அதே கையால் கேக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு துண்டு பிய்த்து நீட்டினார். தட்டில் வாங்கிக் கழிப்பறைக் கூடையில் போட்டேன்.

பதினேழு என்பது ஒரு புரதம். சர்க்கரை வியாதியால் கிட்னி கெட்டவர்களின் ரத்தத்தில் என்னவெல்லாம் கூடியிருக்கிறது என்று தேடியபோது பட்டியலில் பதினேழாவதாக வந்தது. நீளமான பேர் ஒன்று உண்டு; இங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. ரத்தத்தைச் சுழற்றினால் அணுக்கள் அடியில் இறங்கி, பிளாஸ்மா மஞ்சளாக மேலே நிற்கும். நோயாளிகளின் பிளாஸ்மாவில் பதினேழு மூன்று மடங்கு இருக்கிறது. “அதை அளந்தா வியாதி முன்னாடியே தெரிஞ்சிடும், அதைக் கட்டிப் போட்டா வியாதி நின்னுடும்” என்றார் சார். வெளியூர்க் கம்பெனி ஒன்று வேறு எதற்கோ தயாரித்துக் கிடப்பில் போட்ட ஊசிமருந்து பதினேழைக் கட்டிப்போடுமாம். ஜூலை ஏழாம் தேதி எங்கள் நோயாளிகள் ஆறு பேருக்கு முதல் ஊசி.

“இவங்க யாருங்க சார்?” என்று ஒரு நிருபர் என்னைக் காட்டிக் கேட்டார்.

“வசுமதி. எங்க டெக்னீஷியன். ரெண்டு வருஷமா அத்தனை பேர் ரத்தத்தையும் எடுத்தது இவங்கதான். தங்கமான கை.”

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை மூன்று தடவை கழுவினேன். க்ரீம் வாடை போகவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஏழாவது ஆள் சென்னியப்பன் அண்ணா. பம்பு செய்கிற பவுண்டரியில் முப்பது வருடம் வார்ப்பு வேலை பார்த்தவர். ஐம்பத்திரண்டு வயது. முழங்கையில் நரம்பு கிடைக்காது. புறங்கையில்தான் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

“ஏனுங் அம்மிணி, பேப்பர்ல உங்க சாரு படம் வந்திருக்குதே. அந்த ஊசி ஆறு பேர்த்துக்காமே. அதுல நானும் இருக்கறனுங்களா?”

“லிஸ்ட்ல உங்க பேருதாங்ணா முதல்ல.”

அவர் சிரித்தார். பக்கத்துப் படுக்கைக்காரன் தரையில் துப்பினான். காலை இழுத்துக்கொண்டேன்.

பத்தரைக்குக் கிளம்பி, சிங்காநல்லூர் வீட்டுக்குப் போய், ரசம் வைத்து, என் கணவருக்கு ஊட்டி, மூத்திரப் பையை மாற்றி, திருப்பிப் படுக்கவைத்துவிட்டு லேபுக்குப் போனபோது இரண்டு மணி. இவர் லிப்ட் மெக்கானிக். விழுந்து முதுகு உடைந்து, கையும் காலும் அசையாமல் போய் மூன்று வருடமாகிறது. ஊற்றிக் கழுவுகிற எதுவும் எனக்கு அருவருப்பாக இருந்ததே இல்லை. மனிதர்கள்தான்.

படிவத்தில், எடுத்தது 10.10, சுழற்றியது 10.40.

ஜூன் 4, புதன்

நாத்தனார் சுலோசனா வந்து தம்பியைக் குளிப்பாட்டிவிட்டார். புதன்கிழமை தவறாமல் வந்துவிடுவார். மதியம் வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக லேப்.

ஜூன் 10, செவ்வாய்

புள்ளிவிவரம் பார்க்க அருள்மொழி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். தஞ்சாவூர்க்காரி. பேனா மூடியை மென்றுகொண்டே யோசிக்கிறாள். எச்சில் வழிகிற அந்தப் பேனாவை என்னிடம் நீட்டி, “இந்த லிஸ்ட்ல இவங்களைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்கக்கா” என்கிறாள். என் பேனாவால் போட்டேன்.

“இந்த முப்பத்தொரு பேரைப் பாருங்க. வயசு, சர்க்கரை, கிட்னி எல்லாமே மத்தவங்க மாதிரிதான். ஆனா பதினேழு மட்டும் ஏறவே இல்ல. ஒப்பிட்டுப் பாக்க ரத்தம் குடுத்த நம்ம லேப் ஆளுங்க மாதிரி இருக்கு. ஏன்னு பாத்தேன். எல்லாரும் புதன்கிழமை வந்தவங்க.”

“புதன்கிழமை மெஷின்ல ஏதாவது இருக்கும்.”

“மெஷினை எல்லா நாளும் ஒரே மாதிரிதானேக்கா ஓட்டறீங்க? புதன்கிழமை மட்டும் என்ன வித்தியாசமா நடக்குது?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் டெக்னீஷியன். நேற்று வந்த பெண், பேனா மூடி, கேள்வி வேறு.

ஜூன் 12, வியாழன்

அருள்மொழி சாரிடம் சொல்லிவிட்டாள். சார் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனபோது நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மேசையில் நோயாளிகள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் காகிதங்கள். வெட்டுகிற நகம் அவற்றின் மேலேயே தெறித்து விழுந்தது. ஒன்று யாரோ கைநாட்டு வைத்த இடத்தில் கிடந்தது.

“அந்தப் புதன்கிழமை ஆளுங்களை எல்லாம் தூக்கிடும்மா.”

“தூக்கறதுன்னா சார்?”

“ரத்தம் கெட்டுப்போச்சுன்னு காரணம் போட்டுடு. ஊசிக்கு அனுமதி குடுக்கற நெறிமுறைக் குழுவுக்குப் போற அறிக்கையில சுத்தமா இருக்கணும்.”

நகங்களை உள்ளங்கையில் கூட்டி, சன்னல் வழியாக வீசினார். சிலது காகிதங்களிலேயே ஒட்டிக்கொண்டன. நான்தான் தட்டிவிட்டேன்.

முப்பத்தொரு பேர். ஒவ்வொரு பேராக எடுத்து ‘கெட்ட ரத்தம்’ என்று போட்டேன். அவர்கள் ரத்தம் எதுவும் கெட்டிருக்கவில்லை. அதை யாரைவிடவும் நான் நன்றாக அறிவேன். எப்படி என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சென்னியப்பன் அண்ணா இன்று மனைவியோடு வந்திருந்தார். சரோஜினி அக்கா ஒல்லியான, உரத்த குரல்காரி. ரத்தம் எடுக்கும்போது அவர்தான் பேசினார்.

“எம்பட கிட்னிய இவருக்கு வெக்கறதா இருந்துச்சுங்க. டெஸ்ட்டெல்லாம் பொருந்தி, இந்த மாசம் இருபத்தஞ்சாந்தேதி ஆபரேசன்னு நாளும் குறிச்சாச்சு. இவரு போயி வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்துட்டாரு.”

“ஏங்ணா?” என்றேன்.

“ஊசியில நின்னு போற வியாதிக்கு இவள எதுக்கு அறுக்கோணும்? உங்க சாருகிட்ட கேட்டனுங்க. ‘மூணு மாசம் பொறுங்க, அவசரமில்ல’ன்னாரு.”

“நான் அறுத்துக்கறேங்கறன். இவருக்கென்ன நோவுது?” என்றார் அக்கா.

“சும்மா இரு புள்ள.”

அவர் பாதம் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியிருந்தது. பேசும்போது வாயில் அமோனியா வாடை. கிட்னி நிற்கப்போகிற வாடை அது. மூன்று மாதம் பொறுக்கிற உடம்பில்லை. நான் குழாயை மூடி, லேபிள் ஒட்டி, “அடுத்தவங்க வாங்க” என்றேன்.

ஜூன் 18, புதன்

ராத்திரி இவர் சோற்றுக்கு நெய் கேட்டார். ஊற்றப் போனேன். பிளாஸ்மாவின் அதே நிறம், அதே பிசுபிசுப்பு. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். “தீந்துபோச்சுங்க” என்று பொய் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

காலைக்கு மட்டும் சுலோசனாவை வரச்சொல்லிவிட்டு லேபுக்குப் போனேன். யாருமில்லை. பல்லால் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி என் கையிலேயே ரத்தம் எடுத்தேன், இரண்டு குழாய். ஒன்றைப் பத்து நிமிடத்தில் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்துவைத்தேன். இன்னொன்றை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாடு, மூத்திரப் பை, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் முடித்து இரண்டு மணிக்குத் திரும்பிவந்து அதைச் சுழற்றினேன். மாலை வரை அளந்தேன். மூன்று தடவை.

முதல் குழாயில் பதினேழு சாதாரணம். இரண்டாவதில் மூன்றே கால் மடங்கு. என் கிட்னிகள் நன்றாக இருக்கின்றன.

ரத்தம் குழாயில் நின்றால், அதை உறையவைக்கிற தட்டணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்களுக்குள் இருப்பதைக் கக்கிவிடும். வெயிலில் இன்னும் வேகமாக. படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தது. லேப் ஆட்கள் லேபிலேயே ரத்தம் கொடுத்தார்கள், உடனே சுழற்றினேன். நோயாளிகளின் ரத்தம் சிங்காநல்லூர் வழியாக வந்தது. புதன்கிழமைகளில் மட்டும் நேராக வந்தது. இரண்டு வருடமாக நாங்கள் அளந்துகொண்டிருந்தது நான் வீட்டுக்குப் போய்வந்த நேரத்தை.

படிவத்தில் இருநூறு தடவைக்கு மேல் 10.40 என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருக்கும். பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

சாரிடம் சொன்னேன். இரண்டு குழாய்களின் அளவையும் காகிதத்தில் எழுதி நீட்டினேன். படித்தார். அதிர்ச்சியடைவார், கத்துவார் என்று நினைத்தேன்.

“கதவைச் சாத்திட்டு உக்காரு.”

அலமாரியிலிருந்து என் படிவங்களை எடுத்து விரித்தார். “இது யார் எழுத்து?”

“என்னுதுதான் சார்.”

“10.40, 10.40, 10.45, 10.40. எந்த ஊர் லேப்ல இவ்வளவு ஒழுங்கா ரத்தம் வந்துசேரும்? போன தீபாவளிக்கே பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் சார் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

அவரே தொடர்ந்தார். “இப்ப என்ன ஆச்சு? ஊசி ஆறு பேருக்குத்தான். பலனில்லைன்னா பலனில்லைன்னு எழுதிட்டுப் போறோம். இதெல்லாம் ஆராய்ச்சியில சகஜம்.”

“ரத்தம் உறையறதுக்குப் பதினேழு வேணும்னு கம்பெனி பேப்பர்லயே போட்டிருக்கே சார். கட்டிப்போட்டா ரத்தக் கசிவு வரலாம். சென்னியப்பன் ஆபரேஷனையே தள்ளிப்போட்டிருக்காரு…”

“யாரு சென்னியப்பன்?”

இரண்டு வருடம். முதல் பேர். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். “செப்டம்பர்ல சீனியர் போஸ்ட் ஒண்ணு வருது. வீட்டுல உடம்பு முடியாத மனுஷன் இருக்காரு. யோசிச்சு நடந்துக்கோ.”

வீட்டுக்கு வந்து அந்த ஜாக்கெட்டைக் கழற்றி பக்கெட்டில் போட்டேன். அந்தத் தோளைச் சிவந்துபோகும்வரை தேய்த்தேன். அவர் நாற்றமா என் நாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

போனேன். வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

இவரிடம் சொல்லாமல் எதுவும் செய்ய முடியாது. சொன்னால் என்ன நினைப்பார் என்பதுதான் இத்தனை நாள் பயம். மதியம் ஊட்டும்போது சொன்னேன். மென்று முடித்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப எனக்குச் சோறூட்ட வந்ததுனாலதான் எல்லாம் தப்பாப் போச்சா?”

“இல்லீங்க. நீங்க காரணமில்ல. ரெண்டு மணிக்குச் சுத்தினேன்னு நிசத்தை எழுதியிருந்தா அந்த ரத்தத்தைக் கணக்குல எடுத்திருக்கவே மாட்டாங்க. மதியம் வீட்டுக்குப் போறேன்னு தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு பயந்து பொய் எழுதினேன். பொய் எழுதினது நான்.”

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அந்தாளு பவுண்டரிக்காரருன்னு சொன்னியே. போயி நேர்ல சொல்லு. போன்ல சொல்லாத” என்றார். கன்னத்தில் ரசம் வழிந்திருந்தது. துடைக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து அவராகவே திரும்பினார்.

ஜூன் 28, சனி

கணபதியில் சந்துக்குள் ஓட்டு வீடு. சரோஜினி அக்கா உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். சென்னியப்பன் அண்ணா கட்டிலில் கால்களைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்திருந்தார்.

“ஊசி போட்டுக்காதீங்ணா. அந்தக் கண்டுபிடிப்பு பொய்.”

விளக்கினேன். வெயிலில் நின்ற பால் திரிவதுபோல என்று சொன்னதும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணா கடைசிவரை கேட்டார்.

“ஆரு தப்புங்க அது?”

“என் தப்பு. சாருக்கும் தெரியும், அவரும் மறைச்சுட்டாரு. ஆனா முதல்ல செஞ்சது நான்.”

“நான் ஆபரேசனத் தள்ளிப்போட்டேன்னு சொன்னனே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?”

முழுசாகத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அளந்து பார்த்தது அதற்கு அப்புறம்தான்.

“தெரியுமுங்ணா.”

அவர் முகத்தில் வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. சோற்றில் எதையோ பார்த்துவிட்டவர் முகம் அப்படி ஆகும். ரத்தம் எடுத்து எடுத்துக் கறுத்திருந்த புறங்கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். என் பார்வை அதில் படக் கூடாது என்பதுபோல.

“அம்மிணியப் போகச் சொல்லு” என்றார் மனைவியிடம்.

நான் குடிக்காமல் வைத்திருந்த காப்பியைச் சரோஜினி அக்கா எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் ஊற்றினார்.

ஜூன் 30, திங்கள்

நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அருள்மொழி உட்கார்ந்து திருத்தினாள். ‘சில நேரப் பதிவுகள் துல்லியமற்றவை’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, “என்ன செஞ்சீங்களோ அதையே எழுதுங்கக்கா” என்றாள். ‘பொய்யான நேரத்தை எழுதினேன்’ என்று எழுதினேன். முப்பத்தொரு பேரை நீக்கியதையும், யார் சொல்லி என்பதையும் எழுதினேன்.

“நீங்க சொல்லலேன்னாலும் நான் கண்டுபிடிச்சிருப்பேன். ஆனா ஜூலை ஏழுக்குள்ள முடிஞ்சிருக்காது” என்றாள். அவள் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டேன். மூடியில் பல் தடம். எதுவும் தோன்றவில்லை.

ஜூலை 3, வியாழன்

குழுவில் ஒன்பது பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, காது மந்தம், எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. “பொய் எழுதினேன்” என்பதைக் கத்திச் சொன்னேன். வெளியே வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

சாரின் முறை வந்தபோது அழுதார். நிஜமான கண்ணீர். “மகள் மாதிரி நம்பினேன். முதுகுல குத்திட்டாங்க.” சென்ட் போட்ட கைக்குட்டையால் மூக்கைச் சிந்தி, மடித்து, மறுபடி அதே பையில் வைத்துக்கொண்டார். தீபாவளிக்கே பார்த்தது பற்றிக் கேட்டார்கள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார். கதவைச் சாத்திவிட்டுத்தானே பேசினார். புதன்கிழமை ஆட்களை நீக்கியதும் நானாகச் செய்ததாம். கணினியில் என் பேர்தான் இருக்கிறது.

ஊசியை நிறுத்திவிட்டார்கள். என்னையும்.

ஜூலை 7, திங்கள்

இன்று யாருக்கும் ஊசி போடவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒண்டிப்புதூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம்.

அருள்மொழி போன் செய்தாள். குழு சொன்னபடி புதிதாக நாற்பது நோயாளிகளுக்கும் நாற்பது ஆரோக்கியமானவர்களுக்கும் ஒரே அறையில் ரத்தம் எடுத்து, ஒரே நேரத்தில் சுழற்றி அளந்தார்களாம். “வித்தியாசமே இல்லக்கா. பதினேழு செத்துப்போச்சு.” இன்னொன்றும் சொன்னாள். கோகுலகிருஷ்ணன் ராஜினாமா செய்துவிட்டு வேறொரு ஊரில் பெரிய பதவியில் சேர்ந்திருக்கிறார். அங்கே ஒரு கூட்டத்தில், ரத்தத்தை எப்படிக் கையாள வேண்டும், கையாளாவிட்டால் என்னென்ன தவறு நேரும் என்று பேசினாராம். கைதட்டினார்களாம்.

பேசி முடித்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

சென்னியப்பன் அண்ணாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். ஜூன் மாதமே ஆபரேஷன் செய்திருந்தால் டயாலிசிஸ் வரைக்கும் போயிருக்காது. நடுவில் நுரையீரலில் நீர் கோத்து எட்டு நாள் ஐசியுவில் இருந்திருக்கிறார். இவரிடம் சொன்னேன். “போயிப் பாத்தியா?” என்றார். எந்த முகத்தோடு போவது?

அக்டோபர் 14, செவ்வாய்

தெரியாத எண்ணிலிருந்து போன். சரோஜினி அக்கா.

“நாளன்னிக்கு எங்களுக்கு ஆபரேசனுங்க. ரத்தம் குடுக்க நாலு பேரக் கூட்டியாரச் சொல்றாங்க. மூணு பேருதான் தேறுனாங்க. உங்களுக்கு என்ன குரூப்பு?”

“ஓ பாசிட்டிவ்ங்க்கா.”

“காத்தால ஒம்பது மணிக்கு வந்துருங்க. உங்க மேல பாசமெல்லாம் ஒண்ணும் வந்துரலீங்க. ஆளு பத்தல, அதான்.”

அக்டோபர் 15, புதன்

ஒன்பதுக்குப் போய்ப் படுத்தேன். பை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் சரோஜினி அக்கா வெளியே பெஞ்சில் இருந்தார். நாளைக்கு அறுத்துக்கொள்ளப் போகிறவர்போல இல்லை. பையிலிருந்து சாத்துக்குடி எடுத்து உரித்துக் கொடுத்தார்.

“அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா வேண்டாம்பாரு.”

“சொல்ல வேண்டாங்க்கா. தெரியாமயே இருக்கட்டும்.”

“அதெப்படி?” அவர் என்னை நேராகப் பார்த்தார். “மறச்சு மறச்சுப் பட்டதெல்லாம் போதும். போயி நீங்களே சொல்லுங்க. ரூம் நம்பர் இருநூத்திப் பன்னெண்டு.”

போனேன். பாதி ஆளாக இருந்தார். கழுத்தில் டயாலிசிஸ் குழாய். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நின்றபடியே சொன்னேன். இன்று ரத்தம் கொடுத்திருக்கிறேன், உங்களுக்கே ஏற்றுவார்களோ வேறு யாருக்காவது போகுமோ தெரியாது, வேண்டாமென்றால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துத் திரும்பினேன்.

“உங்க ரத்தத்துல சக்கர கிக்கர இருக்குதா?”

“இல்லீங்ணா. பாத்துட்டேன்.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.